10 தடவை தூக்கிய கை 11-ம் தடவை மறுப்பது ஏன்?

தண்ணீர் நிறைந்த ஒரு வாளியைத் தூக்குங்கள். இறக்குங்கள். மறுபடியும் தூக்குங்கள்.

முதல் தடவை சுலபம். ஐந்தாவது தடவை கொஞ்சம் கனக்கிறது. எட்டாவது தடவை கை நடுங்குகிறது. பத்தாவது தடவை பல்லைக் கடித்துக் கொண்டு எப்படியோ தூக்கி விடுகிறீர்கள். பதினோராவது தடவை? கை மறுத்து விடுகிறது!

வாளி அதே வாளிதான். தண்ணீரும் கூடவில்லை. கையும் உங்கள் கைதான். பிறகு ஏன் மறுக்கிறது?

இன்னொரு காட்சியைப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாட்டி எழுந்திருக்கப் பார்க்கிறார். முடியவில்லை. இரண்டு கைகளையும் ஊன்றி, "அப்பாடா" என்று மூச்சு வாங்கி, மெல்ல எழுகிறார். 10 வருடத்துக்கு முன்பு அவர் இப்படி இல்லை. விருட்டென்று எழுந்து நடந்தவர்தான்.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் விளக்கம் ஒரே இடத்தில் இருக்கிறது. அது நம் தசைக்குள் இருக்கிறது. அங்கே ஒரு விசித்திரமான ஏற்பாடு நடக்கிறது. அதைத் தெரிந்து கொண்டால், தேகப் பயிற்சி செய்யும் இளைஞர்களுக்கு லாபம். வயதானவர்களுக்கு அதைவிடப் பெரிய லாபம்!

விரலுக்கு ஒரு சோதனை

இத்தாலி நாட்டில் டூரின் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே ஆஞ்செலோ மோசோ என்ற விஞ்ஞானி இருந்தார். 1846-ம் ஆண்டு பிறந்தவர். தச்சு வேலை செய்பவரின் மகன். படித்து முன்னேறி, பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

"களைப்பு, களைப்பு என்று எல்லோரும் சொல்கிறோம். அதை அளந்து பார்க்க முடியுமா?" இதுதான் அவருக்கு வந்த கேள்வி.

அதற்காக அவர் ஒரு கருவி செய்தார். கையை ஒரு பலகையில் வைத்துக் கட்டி விடுவார். நடுவிரலில் மட்டும் ஒரு கயிறு. கயிற்றின் மறு முனையில் எடைக்கல். விரலை மடக்கினால் எடை மேலே வரும். நீட்டினால் கீழே போகும். எடை எவ்வளவு உயரம் எழுந்தது என்பதை ஒரு முள், புகை படிந்த காகிதத்தில் கோடாகக் கீறும்.

தாளத்துக்குத் தகுந்தபடி விரலை மடக்கி நீட்ட வேண்டும். முதல் கோடுகள் உயரமாக இருக்கும். போகப் போகக் குட்டையாகும். கடைசியில் கோடே விழாது. விரல் களைத்து விட்டது!

இதில் ஓர் ஆச்சரியம். களைப்பு ஆளுக்கு ஆள் வேறு விதமாக வந்தது. ஒருவருக்குப் படிப்படியாக இறங்கியது. இன்னொருவருக்குக் கடைசி வரை தெம்பாக இருந்து, திடீரென்று விழுந்தது. ஒவ்வொருவருடைய கையெழுத்தும் தனியாக இருப்பதுபோல, களைப்பும் தனியாக இருந்தது!

இன்னொரு ஆச்சரியமும் உண்டு. மோசோவுடன் மாஜ்ஜோரா என்ற டாக்டர் வேலை பார்த்தார். அவர் மாணவர்களை மணிக்கணக்கில் கேள்வி கேட்டு, பரீட்சை நடத்தி விட்டு வந்தார். அன்றைக்கு அவர் கையால் கனமான வேலை எதுவும் செய்யவில்லை. ஆனாலும் கருவியில் விரலை வைத்தபோது, அது வெகு சீக்கிரத்தில் சோர்ந்து விட்டது. மூளை களைத்தால் விரலும் களைக்கிறது!

மோசோ அதோடு விடவில்லை. "இனி முடியாது" என்று நின்று விட்ட விரலுக்கு, லேசாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தார். விரல் மறுபடியும் அசைந்தது!

அப்படியானால் "முடியாது" என்று சொன்னது விரல் மட்டும் அல்ல. உத்தரவு போடும் மூளைக்கும் அதில் பங்கு உண்டு. தசையும் களைக்கிறது. தசையை ஏவும் நரம்பு மண்டலமும் களைக்கிறது. 1891-ம் ஆண்டு "களைப்பு" என்ற பெயரிலேயே மோசோ ஒரு புத்தகம் எழுதினார்.

தசைக்குள் இருக்கும் அணிகள்

சரி, தசைக்குள் என்னதான் இருக்கிறது?

தசை என்பது ஒரே கட்டி அல்ல. மெல்லிய நார்கள் சேர்ந்த கட்டு. கயிற்றைப் பிரித்தால் இழை இழையாக வருகிறது அல்லவா? அதுபோல.

இந்த நார்கள் தனித்தனியாக வேலை செய்வதில்லை. அணி அணியாக வேலை செய்கின்றன. ஓர் அணிக்கு ஒரு தலைவன். அந்தத் தலைவன் யார்? முதுகுத் தண்டில் இருந்து வரும் ஒரு நரம்பு. தலைவன் உத்தரவு போட்டால், அந்த அணியில் உள்ள நார்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் சுருங்கும். பாதி சுருங்குவது, பாதி சும்மா இருப்பது என்ற பேச்சே இல்லை.

இதை ஆராய்ந்து சொன்னவர், இங்கிலாந்தைச் சேர்ந்த சர் சார்லஸ் ஷெரிங்டன். 1932-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்.

எல்லா அணியும் ஒரே அளவு அல்ல. கண்ணை அசைக்கும் தசையில், ஓர் அணிக்கு ஏறக்குறைய 10 நார்கள்தான். அதனால்தான் கண்ணை மயிரிழை அளவுகூட நகர்த்த முடிகிறது. கெண்டைக்கால் தசையிலோ, ஓர் அணியில் கிட்டத்தட்ட 2,000 நார்கள்கூட இருக்கின்றன. அங்கே நுணுக்கம் தேவை இல்லை. உடம்பைத் தூக்கி நிறுத்தும் பலம்தான் தேவை.

ஒரே தசைக்குள்ளும் சின்ன அணி உண்டு. பெரிய அணி உண்டு.

சிவப்பும் வெள்ளையும்

கோழிக்கறி சமைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கோழியின் தொடைக்கறி கொஞ்சம் கறுத்துச் சிவந்து இருக்கும். நெஞ்சுக்கறி வெளுத்து இருக்கும். ஏன்?

கோழி நாள் முழுவதும் நடக்கிறது, கிளறுகிறது. அதனால் காலுக்கு ஓயாத வேலை. ஆனால் அது பறப்பது எப்போதாவதுதான். யாராவது துரத்தினால் படபடவென்று சிறகடித்து, கொஞ்ச தூரம் பறந்து உட்கார்ந்து விடும். நெஞ்சுத் தசைக்கு அவ்வளவுதான் வேலை.

பிரான்சு நாட்டு விஞ்ஞானி ரான்வியே, முயலின் தசைகளை வைத்து இதை ஆராய்ந்தார். சிவப்புத் தசை மெதுவாகச் சுருங்குகிறது என்றும், வெள்ளைத் தசை சட்டென்று சுருங்குகிறது என்றும் 1870-களில் கண்டு சொன்னார்.

மனிதனுடைய தசையில் இரண்டு வகை நார்களும் கலந்து இருக்கின்றன.

சிவப்பு நார் மெதுவானது. ஆனால் உழைப்பாளி. ரத்தம் கொண்டு வரும் பிராண வாயுவைப் பயன்படுத்தி, மணிக்கணக்கில் வேலை செய்யும். பெரும்பாலும் சின்ன அணிகளில் இருப்பவை இவைதான்.

வெள்ளை நார் வேகமானது. பலசாலி. ஆனால் சீக்கிரம் களைத்து விடும். பெரிய அணிகள் இவர்களுடையவை.

முதலில் வருவது யார்?

இப்போது முக்கியமான கேள்வி. வேலை வந்தால், முதலில் யார் வருவார்கள்? பலசாலிகளா, சாமானியர்களா?

இதற்கு விடை கண்டவர் எல்வுட் ஹென்மன். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர். பூனையின் பின்னங்கால் தசையை அவர் மெல்ல இழுத்தார். அப்போது நரம்புகளில் ஓடும் மின் துடிப்புகளைப் பதிவு செய்தார்.

என்ன நடந்தது? லேசாக இழுத்தபோது, சின்ன நரம்புகள் மட்டும் துடித்தன. இன்னும் இழுத்தபோது, நடுத்தர நரம்புகள் சேர்ந்து கொண்டன. பலமாக இழுத்தபோதுதான் பெரிய நரம்புகள் துடித்தன. இழுப்பதைத் தளர்த்தியபோது, பெரியவை முதலில் ஓய்ந்தன. சின்னவை கடைசியில் ஓய்ந்தன.

1957-ம் ஆண்டு இதை முதலில் வெளியிட்டார். 1965-ல் விரிவாக எழுதினார். மனிதனுடைய கைத்தசையிலும் இதே வரிசைதான் என்று, 1973-ல் கனடா நாட்டு விஞ்ஞானிகள் காட்டினார்கள்.

ஏன் சின்னது முந்துகிறது? ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் ஒரே அளவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். எது முதலில் நிரம்பும்? டம்ளர்தான். சின்ன நரம்பும் அப்படித்தான். மூளையில் இருந்து வரும் கொஞ்சம் தூண்டுதலே அதற்குப் போதும். பெரிய நரம்புக்கு நிறையத் தூண்டுதல் வேண்டும்.

எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு பாருங்கள்! கரண்டியைத் தூக்க, சின்ன அணிகள் போதும். நிறைகுடத்தைத் தூக்கத்தான் பெரிய அணிகள் வரும். தினசரி வேலைக்கு உழைப்பாளிகள். ஆபத்து சமயத்துக்குப் பலசாலிகள். இல்லாவிட்டால் பேனாவைப் பிடிப்பதற்குள் நாம் களைத்து விடுவோம்!

களைத்தவருக்குப் பதில் ஆள்

இப்போது மறுபடியும் வாளிக்கு வருவோம்.

முதல் தடவை தூக்கும்போது, தேவையான அணிகள் மட்டும் வேலை செய்கின்றன. பெரிய அணிகளில் பல சும்மா இருக்கின்றன. தூக்கத் தூக்க, வேலை செய்யும் நார்களின் பலம் குறைகிறது. வாளியின் கனம் குறையவில்லையே! மூளை என்ன செய்கிறது? அடுத்த பெரிய அணியைக் கூப்பிடுகிறது. பிறகு அதற்கும் அடுத்தது. ஏற்கெனவே வேலை செய்பவர்களுக்கும் உத்தரவுகளை மாற்றி மாற்றி அனுப்புகிறது.

எட்டாவது தடவை கை நடுங்கியது அல்லவா? பெரிய அணிகள் வந்து சேர்ந்ததும் அதற்கு ஒரு காரணம். சின்ன அணிகள் இழுத்தால் சீராக இருக்கும். பெரிய அணிகள் வெடுக் வெடுக்கென்று இழுக்கும்.

பத்தாவது தடவை, கூப்பிடக் கூடிய ஆட்கள் எல்லாரையும் கூப்பிட்டாகி விட்டது. பதினோராவது தடவைக்குப் பதில் ஆள் இல்லை. கை மறுத்து விட்டது!

இது வெறும் ஊகம் அல்ல. 1974-ம் ஆண்டு, அமெரிக்க, சுவீடன் விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். சிலரை நீண்ட நேரம் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். நடுநடுவே, தொடையில் இருந்து ஊசியால் துளித்துளியாகத் தசை எடுத்துப் பார்த்தார்கள். நாரில் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து எதில் தீர்கிறது என்பதே கேள்வி. சாதாரண வேகத்தில் மிதித்தபோது, முதலில் மெதுவான நார்களில் சத்து தீர்ந்தது. நேரம் ஆக ஆக, வேகமான நார்களிலும் தீர்ந்தது. பதில் ஆள் வந்ததற்கு அதுவே சாட்சி!

உலகப் புகழ் பெற்ற வீரர்களும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். 2009-ம் ஆண்டு பெர்லின் நகரில், உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். உலகமே வாய் பிளந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 60 மீட்டரில் இருந்து 80 மீட்டர் வரை ஓட அவருக்கு ஆனது 1.61 வினாடி. கடைசி 20 மீட்டருக்கு ஆனது 1.66 வினாடி. போல்ட்டுக்கும் கடைசியில் வேகம் குறைந்தது! முழு வேகத்தில் ஓடும்போது பலசாலி அணிகள் ஆரம்பத்திலேயே இறங்கி விடுகின்றன. அவை சில வினாடிகளிலேயே தளர ஆரம்பிக்கின்றன.

வீண் பழி

தசை களைப்பதற்குக் காரணம் "லாக்டிக் அமிலம்" என்று வெகு காலம் சொல்லி வந்தார்கள். மறுநாள் கை கால் வலிப்பதற்கும் அதுதான் காரணம் என்றார்கள்.

இது வீண் பழி! வேலை செய்யும்போது உண்டாகும் அந்தப் பொருள், ஓய்வு எடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் இருந்து நீங்கி விடும். அது வெறும் கழிவும் அல்ல. இருதயம் அதை எரிபொருளாகப் பயன்படுத்திக் கொள்கிறது.

மறுநாள் வரும் வலிக்குக் காரணம் வேறு. பழக்கம் இல்லாத வேலை செய்யும்போது நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. மலையில் இருந்து இறங்கும்போது, தசை நீண்டு கொண்டே சுமையைத் தாங்குகிறது. அந்த மாதிரி வேலையில்தான் வலி அதிகம்.

அப்படியானால் களைப்புக்கு என்ன காரணம்? பல காரணங்கள் சேர்ந்து வருகின்றன. நார்கள் சுருங்கும்போது பாஸ்பேட் என்ற பொருள் உள்ளே சேர்கிறது. அது சுருங்கும் பலத்தைக் குறைக்கிறது. நாரைச் சுருங்கச் சொல்லி முடுக்கி விடுவது கால்சியம். அதுவும் போதிய அளவு வெளிப்படாமல் போகிறது. நெடுநேரம் உழைத்தால் சர்க்கரைச் சத்தும் தீர்கிறது. மூளையில் இருந்து வரும் தூண்டுதலும் தளர்கிறது.

சில நிமிடம் ஓய்வு கொடுத்தால், பலம் பெரும் பகுதி திரும்பி விடுகிறது. அதனால்தான் பயிற்சி செய்கிறவர்கள் நடுவில் இரண்டு மூன்று நிமிடம் நிறுத்துகிறார்கள். அது சோம்பல் அல்ல. கணக்கு!

கனமான குண்டு வேண்டுமா?

"தசை வளர வேண்டுமானால், கனமான இரும்புக் குண்டைத் தூக்க வேண்டும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லாமல் பலசாலி அணிகள் வராது என்பது அவர்கள் எண்ணம்.

அணிகள் வரும் வரிசை தெரிந்த நமக்கு இன்னொரு வழி தெரிகிறது. லேசான எடையையே பல தடவை தூக்கினால் என்ன? களைக்கக் களைக்க, பெரிய அணிகள் தாமாகவே வந்து சேருமே!

கனடா நாட்டில் ஹாமில்டன் என்ற நகரம் இருக்கிறது. அங்குள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். 18 இளைஞர்கள் 10 வாரம் காலுக்குப் பயிற்சி செய்தார்கள். சில கால்களுக்குக் கனமான எடை. தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 100-க்கு 80 பங்கு. சில கால்களுக்கு 100-க்கு 30 பங்குதான். ஆனால் எந்த எடையானாலும், இனி முடியாது என்ற வரையில் தூக்க வேண்டும்.

2012-ம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. இரண்டு வகையிலும் தசை ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்தது! கனமான எடையை ஒரே மூச்சில் தூக்கும் பலம் மட்டும், கனமாகப் பயிற்சி செய்தவர்களுக்குக் கூடுதலாக வந்தது.

இதில் ஏழைகளுக்கு நல்ல சேதி இருக்கிறது. இரும்புக் குண்டு வாங்கப் பணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நம் உடம்பின் எடையே போதும். ஆனால் ஒன்று. சுலபமாக இருக்கும்போதே நிறுத்தி விட்டால், பலசாலி அணிகளுக்கு வேலை கிடைக்காது. "இன்னும் இரண்டு மூன்று தடவைக்கு மேல் முடியாது" என்று தோன்றும் இடத்துக்கு வர வேண்டும். பலன் அங்கேதான் இருக்கிறது.

பாட்டி ஏன் எழ முடியவில்லை?

இனி பாட்டியிடம் வருவோம்.

வயதாக ஆக, தசை கரைகிறது. சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள், திடீரென்று இறந்து போன 43 ஆண்களின் தொடைத் தசையை ஆராய்ந்து, 1988-ல் முடிவை வெளியிட்டார்கள். 20 வயதுக்கும் 80 வயதுக்கும் நடுவே, அந்தத் தசை 100-க்கு 40 பங்கு குறைகிறது என்று கண்டார்கள்.

எல்லா நார்களும் ஒரே மாதிரி மெலிவது இல்லை. வேகமான நார்களே அதிகம் மெலிகின்றன. அதாவது, ஆபத்து சமயத்துக்கு வரும் பலசாலிகள்!

கால் இடறுகிறது. சட்டென்று சமாளித்து நிற்க வேண்டும். அதற்கு வேகமான நார்கள் வேண்டும். நாற்காலியில் இருந்து எழுவதற்கும் அவை வேண்டும். அவை மெலிந்து விட்டால்? கிழே விழ நேரிடுகிறது. இடுப்பு எலும்பு முறிகிறது. சில பேர் அதற்குப் பிறகு படுக்கையை விட்டு எழுவதே இல்லை.

இதற்கு மருந்து உண்டா? உண்டு. 1990-ம் ஆண்டு, அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் உள்ள முதியோர் இல்லத்தில் ஒரு சோதனை நடந்தது. டாக்டர் மரியா ஃபியாடரோன் என்ற அம்மையார் அதை நடத்தினார். சோதனைக்கு முன்வந்த 10 பேரும் 90 வயதை ஒட்டிய கிழவர்கள், கிழவிகள். உடல் தளர்ந்தவர்கள்.

அவர்களுக்கு டாக்டர்கள் மேற்பார்வையில், காலுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். வாரத்துக்கு 3 நாள். மொத்தம் 8 வாரம். 9 பேர் கடைசி வரை செய்தார்கள்.

பலன் என்ன தெரியுமா? அவர்களுடைய கால் பலம், சராசரியாக 100-க்கு 174 பங்கு கூடியது. அதாவது முன்பு இருந்ததைப் போல இரண்டே முக்கால் மடங்கு! கைத்தடி ஊன்றி நடந்தவர்களில் இரண்டு பேர், தடியைக் கீழே வைத்து விட்டார்கள்.

தசை எவ்வளவு பருத்தது? 100-க்கு 9 பங்குதான். பிறகு இவ்வளவு பலம் எங்கே இருந்து வந்தது? தூங்கிக் கிடந்த அணிகளைக் கூப்பிட, நரம்புகள் மறுபடியும் கற்றுக் கொண்டன. 90 வயதிலும் அந்தப் பாடத்தைக் கற்க முடிகிறது!

வீட்டிலேயே செய்யலாம்

ஆடாத, அசையாத ஒரு நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். உட்காருங்கள். கையை ஊன்றாமல் எழுந்து நில்லுங்கள். மெல்ல உட்காருங்கள். தொப்பென்று விழக் கூடாது. மெல்ல உட்காருவதிலும் தசைக்கு வேலை இருக்கிறது.

தொடை களைத்து, "இன்னும் இரண்டு மூன்றுதான் முடியும்" என்று தோன்றும்போது நிறுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு எடுங்கள். மறுபடியும் செய்யுங்கள்.

கையை ஊன்றாமல் எழ முடியாதவர்கள், ஊன்றியே ஆரம்பிக்கலாம். வாரம் போகப் போக, ஊன்றும் பலத்தைக் குறைத்துக் கொண்டே வரலாம். பக்கத்தில் மகனோ, மருமகளோ, பேரப்பிள்ளையோ நிற்கட்டும்.

தசைக்குப் பலம் தரும் பயிற்சியை வாரத்துக்கு 2 நாளாவது செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லி இருக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், தள்ளாடாமல் நிற்கவும் விழாமல் இருக்கவும் உதவும் பயிற்சிகளை வாரத்துக்கு 3 நாளாவது செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது.

சில எச்சரிக்கைகள். மூச்சை அடக்கிக் கொண்டு பயிற்சி செய்யாதீர்கள். ரத்த அழுத்தம் ஏறி விடும். எழும்போது மூச்சை விடுங்கள். இருதய நோய், ரத்த அழுத்தம், மூட்டு வலி உள்ளவர்கள், டாக்டரைக் கேட்டுக் கொண்டு ஆரம்பிக்க வேண்டும். மார்பு வலியோ, தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

களைப்பு என்றால் பயப்பட வேண்டியது இல்லை. "சின்ன அணிகள் தளர்ந்து விட்டன. பெரிய அணிகளை அழைக்கிறேன்" என்று உடம்பு சொல்லும் சேதிதான் அது.

இன்று மாலை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நாற்காலியை விட்டு எழும்போது கவனித்துப் பாருங்கள். கையை ஊன்றுகிறார்களா? அப்படியானால் உடனே கை கொடுத்துத் தூக்கி விட்டு விடாதீர்கள். பக்கத்தில் நின்று, "இன்னும் ஒரு தடவை எழுந்திருங்கள், பார்க்கலாம்" என்று சொல்லுங்கள்.